6 விநாடி அலையா, 14 விநாடி அலையா: கரையிலிருந்து டைவ் இறங்க எந்தக் கடல் மேல்?

கடல் முன்னறிவிப்பைத் திறந்ததும் கண் முதலில் போவது அலை உயரத்துக்குத்தான். அரை மீட்டர் என்றிருந்தால் டைவ் காற்றுச் சிலிண்டர் வண்டியில் ஏறிவிடும். முக்கால் மீட்டர் என்றால் யோசனை வரும். பக்கத்திலேயே இன்னோர் எண் இருக்கும்: ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே எத்தனை விநாடி. டைவ் எப்படிப் போகும் என்பதை உயரத்தைவிட அதுதான் அதிகம் சொல்லும்.

இரண்டு நாட்களை எடுத்துக்கொள்வோம். முதல் நாள் 0.75 மீட்டர், 6 விநாடி. பக்கத்துக் காற்று கிளப்பிய அலை. இரண்டாம் நாள் 0.5 மீட்டர், 14 விநாடி. தொலைதூரப் புயல் அனுப்பிய ஸ்வெல், அதாவது நீண்ட அலை. கரையில் இலைகூட அசையாது, கடல் மட்டும் ஏறி வரும். மீனவர் வாயில் இது பெரிதாகும்போதுதான் ‘கள்ளக்கடல்’ ஆகிறது. உயரத்தை உயரத்தாலேயே பெருக்கி, அதை விநாடியாலும் பெருக்கிப் பாருங்கள். அலை கரைக்குக் கொண்டுவரும் ஆற்றல் அந்தக் கணக்கில்தான் ஏறும். இரண்டு நாளும் ஏறத்தாழ சமம். நீண்ட அலை ஆழம் குறையக் குறைய நிமிர்ந்துகொள்வதால், உடையும் இடத்தில் இரண்டுமே சுமார் ஒரு மீட்டர். கரையில் நின்று பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது.

நீருக்கடியில் கதையே வேறு. அலையின் ஆட்டம் அதன் நீளத்தில் (முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை) பாதி ஆழம் வரை இறங்கும். ஆழ்கடலில் 6 விநாடி அலையின் நீளம் சுமார் 56 மீட்டர், 14 விநாடி அலைக்கு 300 மீட்டரைத் தாண்டும். தரையை ஒட்டி முன்னும் பின்னும் இழுக்கும் சர்ஜ் எவ்வளவு தூரம் ஆளை நகர்த்தும் என்று கணக்கிட்டால், 5 மீட்டர் ஆழத்தில் முதல் நாள் 80 செ.மீ., இரண்டாம் நாள் கிட்டத்தட்ட 2 மீட்டர். 10 மீட்டரில் 40 செ.மீ.க்கு எதிரே 1.1 மீட்டர். 20 மீட்டரில் 15 செ.மீ.க்கு எதிரே 65 செ.மீ. முதல் நாள் ஆழம் போனால் தப்பிக்கலாம். இரண்டாம் நாள் 20 மீட்டரிலும் விடாது. மேலே வருமுன் சில நிமிடம் நிற்கும் சேஃப்டி ஸ்டாப் 5 மீட்டரில் என்பதை மறக்க வேண்டாம். பாறைச் சுவரை ஒட்டி நிறுத்தினால் 2 மீட்டர் ஆட்டம் சிலிண்டரைப் பாறையில் மோதவிடும்.

இதுவும் சராசரிக் கணக்குதான். முன்னறிவிப்பில் வரும் உயரம், அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரி. சில மணி நேரத்தில் அதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு அலை ஒன்றாவது வரும்.

அப்படியானால் எண்ணை நம்புவதா, கண்ணை நம்புவதா? எண் முந்தைய இரவுக்கு, கண் டைவ் அன்று காலைக்கு. ஆனால் கண்ணுக்கு நேரம் கொடுக்க வேண்டும். 6 விநாடி அலையை ஐந்து நிமிடம் பார்த்தாலே அதன் குணம் புரியும். ஓய்வில்லாமல் வந்துகொண்டே இருக்கும், ஏமாற்றாது. 14 விநாடி அலை செட் செட்டாக, அதாவது சில பெரிய அலைகள் கூட்டமாக, வரும். நடுவில் பல நிமிடம் குளம்போலக் கிடக்கும். அந்த அமைதியைப் பார்த்து இறங்கியவர்கள்தான் அடுத்த செட்டில் மாட்டுவார்கள். குறைந்தது 20 நிமிடம் நில்லுங்கள். ஒரு பாறையைக் குறியாக வைத்து 11 முகடுகள் கடக்கும் நேரத்தை எடுத்துப் பத்தால் வகுத்தால் இடைவெளி விநாடி கிடைக்கும். உயரத்துக்கு, உடையும் அலையின் முகடு தொடுவானத்தோடு ஒரே கோட்டில் தெரியும் இடம் வரை கரையில் ஏறியோ இறங்கியோ நில்லுங்கள். அலையடி மட்டத்திலிருந்து உங்கள் கண் எவ்வளவு உயரமோ, அதுதான் அலை. இடுப்புக்கு மேல் போனால் முழுச் சுமையோடு இறங்க வேண்டாம் என்பது எங்கள் அளவுகோல்.

இறங்குமிடம் மணலா, பாறைத் திட்டா என்பதும் இதோடு சேர்ந்ததே. ஒரு மீட்டர் அலை சுமார் 1.3 மீட்டர் ஆழத்தில் உடையும். 50 மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் மணலில் அது 65 மீட்டர் தள்ளி. நுரைக்குள் நீண்ட நடை, களைப்பு, ஆனால் அடி பலமில்லை. பத்துக்கு ஒன்று சரிவென்றால் 13 மீட்டரில் ஒரே பலத்த அடி. மாஸ்க், ரெகுலேட்டர் (மூச்சுக் கருவி) போட்டபடியே, பிசிடியில் (மிதவை அங்கி) கொஞ்சம் காற்றோடு, ஃபின் (கால் துடுப்பு) போட்டிருந்தால் பின்பக்கமாகக் காலைத் தேய்த்து இறங்குங்கள். முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவே நிற்கவே கூடாது. அங்கே நிற்பவரைத்தான் அலை தள்ளும்.

பாறைத் திட்டில் இறங்குவது ஒரே தாவல்தான், ஆகவே பலருக்கு அதுவே சுலபமாகத் தெரியும். 6 விநாடி நாளில் அப்படியே இருக்கட்டும். 14 விநாடி நாளில் அது மோசமான தேர்வு. நீங்கள் நிற்கும் இடத்துக்கு மேலே பாறை எங்கே ஈரமாக இருக்கிறது என்று பாருங்கள். சற்றுமுன் அலை அதுவரை வந்து போயிருக்கிறது. நீர் ஏழு விநாடி ஏறி ஏழு விநாடி இறங்கும்போது நிதானமாகத்தான் தெரியும். ஆனால் இறங்கும் நீர் உங்களைக் கொட்டலசு (பாறையில் ஒட்டும் கூரிய ஓட்டுயிர்) படிந்த விளிம்பின்மேல் இழுத்துப்போகும். கடலுக்குள் நீளும் நிலமுனைக்குப் பின்னால் ஒதுங்கலாம் என்ற கணக்கும் பாதிதான் சரி. நீண்ட அலை முனையைச் சுற்றி வளைந்து உள்ளே வரும்.

எங்கள் தேர்வு: மணல்கரையும் 12 மீட்டருக்கு மேல் ஆழமும் இருந்தால் 6 விநாடி நாள். 14 விநாடி நாளில் நன்றாக மூடிய வளைகுடா கிடைத்தால் மட்டும், அதுவும் குகை, குறுகிய பிளவு எதற்குள்ளும் போகாமல்.

எந்த நாளானாலும் ஏறும் இடத்தை முதலில் பாருங்கள், இறங்குமிடத்தை அப்புறம். ஒரு மணி நேரத்தில் நீர்மட்டம் ஏறியோ இறங்கியோ இருக்கும். காலையில் கால் வைத்த படி மறைந்திருக்கலாம். திரும்பும்போது அலை உடையும் கோட்டுக்கு வெளியே மிதந்து, சிலிண்டரில் 50 பார் அழுத்தத்துக்குக் குறையாத காற்றோடு ஒரு செட் முழுதும் கடக்கும்வரை காத்திருங்கள். கடைசிப் பெரிய அலையின் முதுகைப் பிடித்தபடி உள்ளே நீந்துங்கள். விழுந்தால் எழ முயலாமல், ரெகுலேட்டர் வாயிலேயே இருக்க, நான்கு காலில் தவழ்ந்து ஏறுங்கள். அலை எட்டாத இடம் வரும்வரை ஃபின்னைக் கழற்ற வேண்டாம்.