டேஷ்போர்டுக்குள் இரண்டு சம்பா நெல்

மன்னார்குடி சாலையில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு கார் ஏசி கடையைப் பற்றி எழுதுகிறேன். பத்துக்கு எட்டு மதிப்பெண். குறைத்த இரண்டு எதற்கு என்பதைப் பிறகு சொல்கிறேன். தாள் திருத்திப் பழகிய கை, காரணம் எழுதாமல் மார்க் குறைக்காது.

வண்டி அப்பாவுடையது. மாருதி 800, 2003 மாடல். பதினைந்து வருடம் முடிந்து 2018-இல் ஒருமுறை, அப்புறம் 2023-இல் ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பித்தார். "இனி 2028 வரைக்கும் எவனும் கேக்க முடியாது" என்று சொன்ன சூட்டோடு முழங்கால் ஆபரேஷன் வந்தது. கார் கொட்டகைக்குப் போனது. ஒரு பக்கம் வைக்கோல் போர், மறுபக்கம் நெல் மூட்டை போடும் அறை. தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்தால் வயல் எலி வளையை விட்டு வீட்டுப் பக்கம் ஏறும் என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். தெரிந்துதான் நிறுத்தினோம்.

ஒன்றரை வருடம் கழித்து, இந்தச் சித்திரையில், "வண்டிய எடும்மா, ராஜகோபாலசாமி கோயிலுக்குப் போய்ட்டு வரலாம்" என்றார் அப்பா. கதவைத் திறந்தேன். திறந்த வேகத்தில் சாத்தினேன்.

முதலில் ஊர் மெக்கானிக் வந்தார். புது பேட்டரி மாட்டியதும் நான் சாவியைத் திருகப் போக, "கையை எடுங்க டீச்சர்" என்று அதட்டிவிட்டு பானெட்டுக்குள் டார்ச் அடித்தார். பெட்ரோல் ஹோஸில் வரிசையாகப் பல் தடம். ஒரு இடத்தில் உள் நூல் தெரிந்தது. ஸ்டார்ட் பண்ணியிருந்தால் சூட்டு எஞ்சின் மேல் பெட்ரோல் கசிந்திருக்கும். ஏர் ஃபில்டர் டப்பா நிறைய தேங்காய் நார். ஒரு பிளக் வயரும் ஒரு இன்ஜெக்டர் வயரும் துண்டு. ஹோஸ் மாற்றி, வயரைச் சால்டர் வைத்து ஸ்லீவ் போட 2,150 ரூபாய். ரொம்ப நாள் நின்ற பழைய வண்டி வைத்திருப்பவர்கள் வேறு எதை மறந்தாலும் இந்த ஹோஸை மறக்காதீர்கள். வண்டி ஓடியது. உள்ளேதான் நெடியில் உட்கார முடியவில்லை.

அடுத்து நான் செய்தது முட்டாள்தனம். வீட்டுக்கே வந்து கார் உள்புறம் சுத்தம் செய்து தருகிறோம் என்று தஞ்சாவூரிலிருந்து ஒரு நிறுவனம். பெயர் வேண்டாம். இரண்டு பையன்கள் வந்தார்கள், வேக்குவம் போட்டார்கள், சீட்டில் நுரை அடித்துத் துடைத்தார்கள், ஓசோன் மெஷின் என்று ஒரு பெட்டியை உள்ளே வைத்துக் கண்ணாடியை ஏற்றினார்கள். 2,800 ரூபாய். மூன்று நாள் ஆஸ்பத்திரி மாதிரி மணத்தது. நாலாம் நாள் ப்ளோயரைப் போட்டேன். பழைய நெடி அப்படியே, கூடவே எலுமிச்சை வாசனையும். எது மோசம் என்று சொல்லத் தெரியவில்லை. ஓசோனைக் குறை சொல்லவில்லை. மூலப்பொருளை எடுத்த பிறகு வைத்தால் மிச்ச வாடையை அது குறைக்கும். எலிக்கூடு உள்ளேயே இருக்கும்போது வைப்பது, கழுவாத பாத்திரத்தை வெயிலில் காயவைப்பது போல. அதை வைத்த வண்டியில் நன்றாகக் காற்றாடவிடாமல் ஏறவும் கூடாது, நெஞ்சை அரிக்கும். இதையும் அந்தப் பையன்கள் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்தக் கடை. தகரக் கூரை, புங்க மரம், ஒரே நேரத்தில் இரண்டு வண்டிக்குத்தான் இடம். கடைக்காரத் தம்பிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. கதவைத் திறந்து மோந்து பார்த்தார். பின் சீட்டில் மூக்கை வைத்தார். கால் மிதியைத் தூக்கி அங்கேயும் மோந்தார். ப்ளோயரை இரண்டு எண்ணிக்கைக்குப் போட்டு அணைத்தார்.

"மூணு வாடை இருக்குக்கா. கீழ மக்கல் வாடை, அது கார்பெட்டுக்கு அடியில இருக்கிற ஃபெல்ட் ஈரம் குடிச்சது. சீட்டுல லேசா மூத்திரம். ப்ளோயர்ல வர்றது நல்லா காட்டமான நெடி, கூடு உள்ள இருக்கு. செத்த வீச்சம் இல்ல. யாரும் மருந்து வைக்கலதானே?"

வைக்கவில்லை. அம்மா விடமாட்டாள், பிள்ளையார் வாகனம் என்பாள். மருந்து தின்ற எலி டேஷ்போர்டுக்குள் போய்ச் செத்தால் எடுக்கவும் முடியாது, தானாகக் காயும்வரை வாரக்கணக்கில் அந்த வீச்சத்தோடுதான் ஓட்ட வேண்டும் என்றார் தம்பி. அம்மாவின் பக்தி எங்களுக்கு ஒரு செலவை மிச்சப்படுத்தியது.

க்ளோவ் பாக்ஸைக் கழற்றினால் இந்த வண்டியில் ப்ளோயர் இடது பக்கம் தெரியும், அதை ஒட்டி நடுவில் கூலிங் காயில். காயிலை வெளியே எடுக்க ஏசி வாயுவை (கேஸ்) இறக்கி, திரும்ப ஏற்ற வேண்டும். "காயிலை எடுக்காம கழுவித் தரேன்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க" என்றார். அவருக்கு லாபம் வரும் பேச்சுதான். ஆனால் காயில் பெட்டியைத் திறந்தபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

உள்ளே ஒரு தேங்காய் அளவுக்குக் கூடு. ரூஃப் லைனிங் பஞ்சு, மஞ்சப்பை நூல், சர்வீஸ் புத்தகத்தின் மூலைகள், நெல். தொடுவதற்கு முன்னால் ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைப் பீய்ச்சிப் பத்து நிமிடம் ஊறவிட்டார். கையில் ரப்பர் உறை, முகத்தில் மாஸ்க். விளக்குமாறு, வேக்குவம் இரண்டையும் கிட்டே விடவில்லை. காய்ந்த புழுக்கையைக் கூட்டினால் தூசி மூக்கில் ஏறும். எலி மூத்திரத்தால் எலிக்காய்ச்சல் வருவதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வீட்டுக்கு வந்த பையன்கள் வெறும் கையோடு வேக்குவம் போட்டது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

அப்பா ஊன்றுகோலோடு வந்திருந்தார். ஊறிய நெல்லை ஒரு குச்சியால் தள்ளிப் பார்த்தவர், "அடியில கெடக்குறது மோட்டா ரகம், சி.ஆர். 1009. அது முந்தின சம்பாவுக்குப் போட்டது. மேல கெடக்குறது சன்ன ரகம், பி.பி.டி. போன தையில அறுத்தமே அது" என்றார். தம்பி வாயைப் பிளந்து நின்றார். அதாவது இரண்டு அறுவடை இந்த டேஷ்போர்டுக்குள் ஏறியிருக்கிறது. ஒரு குடும்பம் காலி செய்து இன்னொன்று வந்ததா, ஒரே குடும்பமா என்று அப்பா கொஞ்ச நேரம் ஆராய்ச்சி செய்தார். கொள்முதல் நிலையத்தில்கூட இவ்வளவு நிதானமாக அவர் நெல்லைப் பார்த்து நான் கண்டதில்லை.

மற்ற வேலை சட்டென்று முடிந்தது. ஃபெல்ட்டைக் கழுவவில்லை, அப்படியே தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வெட்டி ஒட்டினார்கள். அதுதான் சரி. மூத்திரம் குடித்த ஃபெல்ட் எத்தனை சோப்புக்கும் மசியாது. சீட்டுகளைக் கழற்றி, நாய் மூத்திரக் கறைக்கு விற்கும் என்சைம் திரவத்தில் நனைத்து, இரண்டு நாள் சித்திரை வெயிலில் போட்டார்கள். வைப்பருக்குக் கீழே வெளிக்காற்று நுழையும் வழியில் கால் அங்குலத்தைவிடப் பொடிக் கண்ணுள்ள இரும்பு வலை. கால் அங்குலச் சந்து கிடைத்தால் சுண்டெலி தலையை நுழைத்துவிடுமாம், தலை நுழைந்தால் உடம்பும் போய்விடும்.

மொத்தம் 7,600 ரூபாய், கேஸ் உட்பட. பில் கிடையாது, சிகரெட் அட்டையின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். இதற்கு ஒரு மார்க் குறைத்தேன். இரண்டு நாளில் தருகிறேன் என்றவர் ஐந்தாம் நாள் தந்தார். வேலை முடியாததற்கு ஒரு போன் இல்லை. டேஷ்போர்டைத் திரும்ப மாட்டும்போது ஒரு கிளிப்பை உடைத்திருக்கிறார்கள், நாற்பதைத் தாண்டினால் இடது ஓரம் கடகடக்கிறது. கேட்டதற்கு, "பழைய பிளாஸ்டிக்குக்கா, உளுத்துப் போச்சு" என்றார். இருபது வருட பிளாஸ்டிக் என்பது உண்மைதான். நான் கேட்ட பிறகு சொன்னதற்குத்தான் இரண்டாவது மார்க்.

இடையில் வாங்கிய சாமான்களையும் சொல்லிவிடுகிறேன். பிளக்கில் சொருகும் அல்ட்ராசோனிக் டப்பா: கொட்டகையில் வைத்த மறுநாள் அதன் மேலேயே புழுக்கை கிடந்தது. புதினா வாசனை ஸ்ப்ரே: அடித்த இரண்டு நாள் பரவாயில்லை, பிறகு ஒன்றுமில்லை. வாராவாரம் அடிக்கிறவர்களுக்கு உதவலாம், எனக்குப் பொறுமை இல்லை. பாச்சை உருண்டை: எலி போகவில்லை, எனக்குத் தலைவலி வந்தது. பானெட்டுக்குள் புகையிலைத் துண்டு கட்டச் சொன்ன பக்கத்து வீட்டு மாமாவின் யோசனையை நான் முயற்சி செய்யவில்லை. அப்பா செய்தார், எனக்குத் தெரியாமல்.

இப்போது வைக்கோல் போர் கொல்லைக்குப் போய்விட்டது. ராத்திரி பானெட்டைத் திறந்து வைத்து ஒரு பல்பு எரிய விடுகிறோம். வாரம் இரண்டு முறை வடுவூர் வரை ஓட்டுகிறேன். வயலுக்குச் செய்த பழைய மூங்கில் எலிக்கிட்டியில் இரண்டை எடுத்து நெல் வைத்துக் கொட்டகை வாசலில் வைத்திருக்கிறார் அப்பா. இதுவரை நாலு விழுந்திருக்கின்றன.

கடைக்குப் போகிறவர்கள் காலை ஒன்பது மணிக்கே போய்விடுங்கள். மதியம் இரண்டு முதல் நாலு வரை தம்பி புங்க மரத்தடியில் படுத்திருப்பார், எழுப்பினால் விலை ஏறும். கூட்டைப் பிரிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள், நெல் பார்க்கத் தெரிந்த ஆள் இருந்தால் அவரையும் அழைத்துப் போங்கள்.