ஆசை அறுபது நாள், ஆர்.டி. அறுபது மாதம்

பட்டுக்கூடு விற்ற பணம் மாதச் சம்பளம் மாதிரி வராது. இளம்புழு வாங்கி வந்து, ராத்திரி பகல் பார்க்காமல் மல்பெரி வெட்டிப் போட்டு, கூடு கட்டியதும் பறித்து மூட்டை கட்டித் தர்மபுரி அங்காடிக்குக் கொண்டுபோனால், அன்றைக்கு ஏலம் என்ன போகிறதோ அதுதான் நம் காசு. ஒரு தடவை கை நிறைய வரும். அடுத்த தடவை புழுவுக்கு நோய் கண்டு, விலையும் இறங்கி, இலை வெட்டிய கூலிக்கே இழுபறியாகிவிடும். மொத்தமாகப் பணம் வந்த அன்று கடைத்தெருவில் கண்ணில் படுவதெல்லாம் வேண்டும் போலிருக்கும். வராத மாதத்தில் எண்ணெய் வாங்கவே யோசனை வரும். இப்படி வரவு உள்ள வீட்டுக்குப் போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி., அதாவது மாதாமாதம் ஒரே தொகை கட்டிச் சேர்க்கும் கணக்கு, ஒத்துவருமா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்களுக்குப் பென்னாகரம் பக்கம் கொஞ்சம் மல்பெரித் தோட்டம். 2020 கடைசியில் தொடங்கிய கணக்கை முழுசாகக் கட்டி முடித்துப் பணத்தையும் கையில் வாங்கிவிட்டேன்.

விஷயம் எளிது. மாதம் குறைந்தது 100 ரூபாய், அதற்கு மேல் பத்துப் பத்தாக எவ்வளவு வேண்டுமானாலும் கட்டலாம். அறுபது மாதம். தொடங்குகிற அன்று என்ன வட்டியோ அதுவே கடைசிவரை. நான் தொடங்கியபோது 5.8 சதவீதம். மாதம் 300 வீதம் அறுபது தவணைக்கு 18,000, முடிவில் 20,909 வந்தது. 2023 அக்டோபரிலிருந்து வட்டி 6.7 சதவீதம், அந்தக் கணக்கில் அதே 300-க்கு 21,410 வரும். அரசாங்கம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியை அறிவிப்பதால், கணக்குத் தொடங்குகிற அன்று கவுண்டரில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்களைப் போன்றவர்களுக்கு இதில் உண்மையில் உதவுவது வட்டியைவிட முன்பணம் கட்டும் வசதிதான். பலபேருக்கு இது தெரிவதில்லை. ஆறு மாதத் தவணையை ஒரே தடவையில் கட்டினால், மாதத் தவணையில் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் மொத்தம் பத்து ரூபாய் தள்ளுபடி. பன்னிரண்டு மாதத்தையும் சேர்த்துக் கட்டினால் நூறுக்கு நாற்பது. கூட்டுக்கு நல்ல விலை கிடைத்த ஒரு தடவை, ஊருக்குப் பஸ் ஏறும் முன்பே ஒரு வருஷத் தவணையைக் கட்டினேன். 3,600 கட்ட வேண்டிய இடத்தில் 120 கழித்து 3,480 வாங்கிக்கொண்டார்கள். அதன்பின் ஒரு வருஷத்துக்கு அந்தக் கணக்கைப் பற்றிய நினைப்பே இல்லை. தவறிய தவணைக்கு நூறுக்கு ஒரு ரூபாய் அபராதம், அதாவது என் கணக்கில் மாதத்துக்கு மூன்று ரூபாய். அது பெரிய விஷயமில்லை. ஆனால் நான்கு தவணை தவறினால் கணக்கை நிறுத்திவிடுவார்கள். மறுபடி உயிர்கொடுக்க இரண்டு மாதம்தான் அவகாசம். மழை, நோய் என்று இரண்டு அறுவடை அடுத்தடுத்துப் போகிற தொழிலில் இதை மறக்கக் கூடாது.

எங்கள் வீட்டில் ஆர்.டி. புத்தகம் ஒன்று இல்லை, சில உண்டு. ஒவ்வொன்றின் பிளாஸ்டிக் உறைக்குள்ளும் அது எதற்கு என்று எழுதிய ஒரு சீட்டு இருக்கும். ‘மோட்டார்’ ஒன்று, ‘பாப்பா காலேஜ்’ ஒன்று. நான் சொல்லும் இந்த 300 ரூபாய்ப் புத்தகத்தில் ‘எனக்குப் பட்டுப்புடவை’ என்று எழுதியிருந்தேன்.

எங்கள் அத்தைக்கு இது பிடிக்கவில்லை. “பொம்பள தனக்குன்னு இப்படிச் சேர்த்து வைப்பாளா? அந்தக் காசுக்கு பவுன்ல எதையாவது வாங்கிப் போட்டா பாப்பாவுக்கு ஆகும்ல” என்றார். “பாப்பாவுக்குத் தனிப் புத்தகம் இருக்குங்க அத்தை, இது அதுல கை வைக்காது” என்றேன். அவர் கோபத்தை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. காசு கையில் நின்றதே இல்லாத காலத்தில் குடும்பம் நடத்தியவர், தனக்கென்று ஒன்றைக் கேட்பதே பாவம் என்று அவரைப் பழக்கிவிட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆசையை அடக்கி அடக்கி வைத்தால் அது போய்விடுவதில்லை. ஒரு நாள் கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரியின் புடவையைப் பார்த்ததும் கிளம்பும், அன்றைக்குக் கடன்காரன் வாசலில் நிற்பான். அதைவிட, இது எனக்கு வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லி, அதற்கென்று மாதாமாதம் 300 எடுத்து வைப்பதில் ஒரு மரியாதை இருக்கிறது.

ஆசை அறுபது நாள் என்பார்கள். ஆர்.டி. அறுபது மாதம் கேட்கிறது. நிற்காத ஆசை அதற்குள் தானாகக் கழன்றுவிடும். வீட்டுக்காரர் பெரிய டிவிக்கென்று ஒரு புத்தகம் போட்டார். மூன்றாம் வருஷம் வந்தபோது அவரே அந்தச் சீட்டை எடுத்துவிட்டு ‘ஸ்பிரேயர்’ என்று மாற்றி எழுதினார். என் புடவை ஆசை கடைசிவரை அப்படியே இருந்தது.

பணம் வந்ததும் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு காஞ்சிபுரம் போனேன். அரக்கு நிறம், மயில்கழுத்துக் கரை. முந்தானையில் முடிச்சுப் போடாமல் விட்டிருந்த நூலைப் பிரித்து விரலில் உருட்டிப் பார்த்தேன். நல்ல வெண்கூட்டில் ஒரே இழை ஆயிரம் மீட்டர்கூட வரும். அத்தனை மெல்லிய இழைகளைச் சேர்த்து முறுக்கின நூல் அது, புழு மனையில் கூடு பறித்த விரலுக்கு அதன் வழவழப்பு உடனே தெரிந்துவிட்டது. அசல் பட்டு என்று காட்டும் சில்க் மார்க் சீட்டையும் பார்த்துத்தான் வாங்கினேன். புடவை, ஜாக்கெட் தையல், பஸ், இரண்டு பேர் சாப்பாடு எல்லாம் போக மிச்சத்தில் தங்கச்சிக்கு ஒரு காட்டன் புடவை. அந்தப் பணம் முழுவதையும் செலவழித்தேன், ஒரு ரூபாய்க்கும் மனசு உறுத்தவில்லை. இதற்கென்று சேர்த்தது இதற்கே போனது, அவ்வளவுதான்.

அப்புறம் குறைகள். மூன்று வருஷம் ஆவதற்குள் நாமாக நினைத்துக் கணக்கை முடிக்க முடியாது. மூன்று வருஷத்துக்குப் பின் முடித்தாலும் சேமிப்புக் கணக்கின் 4 சதவீத வட்டிதான். முதிர்வுக்கு ஒரு நாள் முன்பு முடித்தாலும் இதே கதைதான். இது கொஞ்சம் கடுமை என்றே நினைக்கிறேன், நான்கரை வருஷம் ஒழுங்காகக் கட்டியவருக்கு இன்னும் நல்ல வட்டி கொடுக்கலாம். அவசரத்துக்குக் கடன் வசதி உண்டு: பன்னிரண்டு தவணை கட்டி ஒரு வருஷம் ஆகியிருந்தால் இருப்பில் பாதிவரை கிடைக்கும், வட்டி ஆர்.டி. வட்டியைவிட 2 சதவீதம் கூட. ஊரில் நூற்றுக்கு மூன்று வட்டி என்றால் வருஷத்துக்கு 36 ஆகிறது. அதோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. நாளைக்கே தேவைப்படலாம் என்கிற பணத்தை மட்டும் இதில் போடாதீர்கள். வைத்தியச் செலவுக்கான காசு சாதாரண சேமிப்புக் கணக்கிலேயே இருக்கட்டும்.

நகைச்சீட்டு பதினொரு மாதத்தில் முடிகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. நகைதான் ஆசை என்றால் அதில் சேருவது சரி. ஆனால் அங்கே முடிவில் நகையாகத்தான் எடுக்க வேண்டும், நடுவில் மனசு மாறினால் சிக்கல்தான். ஆர்.டி. முடிவில் கையில் தருவது பணம், அதை என்ன செய்வதென்று நாம்தான் முடிவு பண்ணுகிறோம்.

கணக்குத் தொடங்க ஆதார், பான், போட்டோ கொண்டுபோங்கள். நாமினி பெயரை மறக்காமல் எழுதுங்கள். தேதியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பதினைந்தாம் தேதிக்குள் தொடங்கினால் ஒவ்வொரு மாதமும் பதினைந்துக்குள் கட்ட வேண்டும். பதினாறாம் தேதியிலோ அதற்குப் பின்போ தொடங்கினால் மாதக் கடைசி வேலை நாள்வரை நேரம் கிடைக்கும். கூடு எப்போது விற்கும் என்று தெரியாத எங்களுக்கு இரண்டாவதுதான் வசதி. இப்போது மாதம் 500 வீதம் போட்டிருக்கும் புதுக் கணக்கையும் இருபதாம் தேதிக்கு மேல்தான் தொடங்கினேன். முடிவில் 35,683 வரும். அதன் உறையில் ‘ராமேஸ்வரம்’ என்று எழுதச் சொன்னது அத்தை.