முதியோர் இல்லத்தில் பதினோரு மாத ‘அட்வகேட்’ வாலண்டியர் வேலை: சேரலாமா?

“அட்வகேட் வாலண்டியரா சேர்ந்திருக்கேன்” என்று வீட்டில் சொன்னதும் மாமனார் கேட்ட முதல் கேள்வி, “நீ எப்பம்மா லா படிச்ச?” அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதற்கும் கோர்ட்டுக்கும் சம்பந்தமில்லை. தனக்காகப் பேச ஆள் இல்லாத, இல்லை பேசினால் வம்பு என்று பயப்படுகிற ஒரு முதியவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, அதை வார்டனிடமோ பிள்ளைகளிடமோ அதிகாரியிடமோ அவர் சொன்னபடியே கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை. அமெரிக்காவில் 1970களிலேயே ‘ஆம்புட்ஸ்மன்’ என்ற பெயரில் இதை அரசுத் திட்டமாகத் தொடங்கிவிட்டார்கள். நான் சேர்ந்தது சென்னையில் ஒரு சின்ன டிரஸ்ட் நடத்துவது. குறையும் சொல்லப் போகிறேன், அதனால் பெயர் வேண்டாம்.

பயிற்சி இரண்டு ஞாயிற்றுக்கிழமை, அடையாறில் ஒரு பள்ளிக்கூட ஹாலில். முதல் நாள் முழுக்கச் சட்டம். 2007ஆம் ஆண்டு வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தை வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் கதை மாதிரி சொல்லிக்கொடுத்தார், ஒருத்தரும் தூங்கவில்லை. ஜீவனாம்ச மனு ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) தலைமையிலான தீர்ப்பாயத்துக்குப் போகும், சட்டத்தில் உள்ள உச்ச வரம்பு மாதம் 10,000 ரூபாய். முதியவரால் தானே மனு போட முடியாவிட்டால் அவர் அதிகாரம் கொடுத்த ஒருவரோ ஒரு அமைப்போ போடலாம். கடைசி வரை பார்த்துக்கொள்வதாகச் சொல்லி எழுதி வாங்கிய வீட்டை, பார்த்துக்கொள்ளாவிட்டால் திரும்பக் கேட்கவும் வழி இருக்கிறது, ஆனால் செட்டில்மென்ட் பத்திரத்தில் அந்த நிபந்தனை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். 14567 என்ற முதியோர் உதவி எண்ணையும், கிண்டியில் 2024இல் திறந்த முதியோர் மருத்துவமனைக்கு எப்படி அழைத்துப் போவது என்பதையும் எழுதிக்கொண்டோம். எல்லாம் சரி, இந்தச் சட்ட அறிவு எனக்குப் பதினோரு மாதத்தில் ஒரே ஒரு தடவைதான் உதவியது, அதுவும் எங்கள் பக்கத்து ஃப்ளாட்காரருக்கு.

உருப்படியானது இரண்டாம் நாள்தான். என்னை ஒரு பெஞ்சில் படுக்கச் சொன்னார்கள். மூன்று பேர் சுற்றி நின்றுகொண்டு, “சாப்ட்டாங்களா? மோஷன் போனாங்களா? ராத்திரி தூங்கினாங்களா?” என்று என் தலைக்கு மேலே பேசிக்கொண்டார்கள். விளையாட்டுக்குத்தான் செய்கிறார்கள் என்று தெரியும், இரண்டே நிமிடம்தான், ஆனாலும் எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. அதற்கப்புறம் விதிகளை விளக்கவே தேவைப்படவில்லை. உட்கார்ந்து பேசு, ஆயாவிடம் கேட்காதே அவரிடம் கேள், பணத்தைத் தொடாதே, எதுவும் வாங்கிக்கொடுக்காதே, முடியாததை முடியும் என்று சொல்லாதே.

எனக்குக் கொடுத்த இல்லம் மேடவாக்கம் பக்கம், மாடி வீட்டை மாற்றிக் கட்டியது. மாதம் இரண்டு விசிட். இங்கேதான் என் முதல் பெரிய குறை: நாங்கள் வரும் நாளை டிரஸ்ட் முன்கூட்டியே போன் போட்டுச் சொல்லிவிடுகிறது. போனால் வாசலிலேயே ஃபினாயில் வாசனை, எல்லோரும் துவைத்த நைட்டியில், முகத்தில் பவுடரோடு, பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காத்திருப்பது போல உட்கார்ந்திருப்பார்கள். ஒரு முறை குடையை மறந்துவிட்டு வந்து, புதன்கிழமை எடுக்கப் போனேன். மாலை ஐந்தரைக்கு ராத்திரிச் சாப்பாடு முடிந்து லைட்டை அணைத்துக்கொண்டிருந்தார்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் பாதிப் பேர், காலை எட்டு மணி வரை வயிறு காலி. ரிப்போர்ட் எழுதினேன், “குறித்துக்கொண்டோம்” என்று பதில் வந்தது, அவ்வளவுதான். உள்ளே விடுவதே இல்லக்காரர்களின் தயவு, திடீரென்று போனால் கதவைச் சாத்திவிடுவார்கள் என்று கோஆர்டினேட்டர் சொல்வதும் நியாயம்தான். இருந்தாலும் மனசு ஒப்பவில்லை.

என் தப்பையும் சொல்லிவிட வேண்டும். நான் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு 81 வயது. அவர் போகும் பாத்ரூமில் எப்போதும் ஈரம், பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. பார்த்ததும் எனக்குப் பதறிவிட்டது, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நிர்வாகத்துக்கும் மகனுக்கும் எழுதிவிட்டேன். அடுத்த முறை போனபோது மகன் வந்து நிற்கிறார், தாம்பரத்தில் வேறு இல்லம் பார்த்தாயிற்றாம். அந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “நான் உன்னைக் கேட்டேனாம்மா?” என்றார். பக்கத்துக் கட்டில்காரர் தினமும் அவருக்குப் பேப்பர் படித்துக் காட்டுகிறவர், பார்வை மங்கிய அவருக்கு அதை விட்டுப் போவதைவிட வழுக்கி விழுவதே மேல். எப்படியோ இடமாற்றம் நின்றது. கம்பியும் போட்டார்கள், பிடித்துக்கொண்டுதான் போகிறார், என்னிடம்தான் இரண்டு விசிட் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மூன்றாவது விசிட்டில் அவராகவே சொன்னார், தனக்கு என்ன வேண்டும் என்று. வீட்டுக்காரருடைய குடும்ப பென்ஷன் அவர் கணக்கில் விழுகிறது, ஏடிஎம் கார்டு மகனிடம். “அவன் எடுத்துக்கட்டும், எவ்வளவு இருக்குன்னு மட்டும் எனக்குத் தெரியணும்.” நான் யோசித்திருக்கவே மாட்டேன். எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வீட்டுக்கே வந்து சேவை செய்யச் சொல்லி ரிசர்வ் வங்கி 2017இலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. கிளையில் போய்க் கேட்டால் கவுன்டரில் இருந்தவர், “கார்டைப் போட்டுப் பார்த்துக்கச் சொல்லுங்க மேடம்” என்கிறார். டிரஸ்டைப் பாராட்ட வேண்டிய இடம் இதுதான். கோஆர்டினேட்டர் விடவில்லை. அந்த அம்மாவிடம் கையெழுத்து வாங்கி மனு கொடுத்து, மறுபடி போய், மேனேஜரைப் பார்த்து, இரண்டு மாதம் கழித்து வங்கியிலிருந்து ஒரு பையன் ஸ்டேட்மென்டோடு வந்தான். கடைசி வரியை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். தொகையை நான் இங்கே எழுத மாட்டேன். மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு, “அவன்கிட்ட சொல்லாத” என்றார். சொல்லவில்லை.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். ஒன்று குறைத்தது விசிட்டுக்கும் ரிப்போர்ட்டுக்கும், அரை குறைத்தது மறதி நோய்ப் பயிற்சிக்கு. நான் போகும் மாடியில் நாலில் ஒருவருக்கு நேற்று நடந்தது நினைவில்லை, அவர்களுடைய விருப்பத்தை எப்படித் தெரிந்துகொள்வது என்பதற்கு டிரஸ்ட் ஒதுக்கியது மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அரை மணி நேரம். போக்குவரத்துச் செலவு நம்முடையது, வேளச்சேரியிலிருந்து பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஆறு மாதம் தொடர்ந்து வர முடியாதவர்கள் தயவுசெய்து சேர வேண்டாம். சர்டிபிகேட்டுக்காக இரண்டு தடவை வந்துவிட்டுக் காணாமல் போன காலேஜ் பெண்ணைப் பற்றி இன்னமும் ஒரு தாத்தா என்னிடம் கேட்கிறார், உடம்பு சரியில்லையோ என்று.

அப்புறம், மடக்கு ஸ்டூல் ஒன்று கையில் எடுத்துப் போங்கள். நாற்காலியெல்லாம் கீழே ஹாலில்தான் கிடக்கும், கட்டில் பக்கம் நின்றுகொண்டே பேசினால் ஐந்தே நிமிடத்தில் அவர்களே “சரிம்மா, உனக்கு நேரமாச்சு, கிளம்பு” என்று அனுப்பிவிடுவார்கள்.