‘டிஃபரன்ஸ் மட்டும் கட்டுங்க’: இசிஹெச்எஸ் கார்டு வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கவுன் மாட்டி உட்கார வைத்த பிறகுதான் கவுன்சலர் வருவார். “உங்க கார்டுக்கு சாதா லென்ஸ்தான் சார். நல்ல லென்ஸ் வேணும்னா டிஃபரன்ஸ் மட்டும் கட்டுங்க.” அந்த நேரத்தில் யாருக்கும் பேரம் பேசத் தோன்றாது, மகனுக்குப் போன் போகும், பணம் வரும். ரசீது கேட்டால் “டிஸ்சார்ஜ்ல தர்றோம்.” முன்னாள் படைவீரர்களிடம் கண்புரை ஆபரேஷனில் பணம் பறிபோவது பெரும்பாலும் இப்படித்தான்.

இசிஹெச்எஸ் என்பது முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டம். 2003 ஏப்ரலில் தொடங்கிய இத்திட்டத்தில், அதன் சொந்த கிளினிக்கான பாலிகிளினிக் தரும் ரெஃபரலோடு அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைக்குப் போனால், சிஜிஹெச்எஸ் (மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டம்) கட்டணப்படி பில் திட்டத்துக்குத்தான் போகும். பேக்கேஜில் அடங்கியதற்கு உங்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. ‘சாதா’ என்று இளக்காரமாகச் சொல்லப்படுவது மடிக்கக்கூடிய மோனோஃபோகல் லென்ஸ். தூரப்பார்வை தெளிவாக இருக்கும், படிக்க மட்டும் கண்ணாடி வேண்டும். ‘நல்ல லென்ஸ்’ என்று விற்கப்படும் மல்டிஃபோகல் வெளிச்சத்தைப் பிரித்து அனுப்புவதால், இரவில் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியலாம், மங்கிய ஒளியில் பார்வை குறையலாம். சர்க்கரையால் விழித்திரை கெட்டவர்களுக்கும் குளுக்கோமா (கண் அழுத்த நோய்) உள்ளவர்களுக்கும் பொதுவாக அது பொருந்தாது. இதைக் கவுன்சலர் சொல்ல மாட்டார்.

விலை கூடிய லென்ஸ்தான் வேண்டும் என்றால், கண் அளவெடுக்கும் நாளிலேயே மாடல் பெயரோடு எஸ்டிமேட் எழுதி வாங்குங்கள். லென்ஸ் பெட்டியில் மாடல், பவர், சீரியல் நம்பர் உள்ள ஸ்டிக்கர்கள் இருக்கும். ஒன்று கேஸ் ஷீட்டில் ஒட்டப்பட வேண்டும், ஒன்று உங்கள் லென்ஸ் கார்டில். ரசீதில் உள்ள மாடலும் ஸ்டிக்கரில் உள்ள மாடலும் ஒன்றுதானா என்று பாருங்கள். நிரப்பாத பில்லில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். நடக்காத பரிசோதனைகூட உங்கள் கார்டில் ஏறிவிடும்.

காது மிஷினில் நஷ்டம் இன்னும் நீளம். மிஷின் வகைக்கேற்ற உச்சவரம்பு வரைதான் பணம் திரும்பும்; அடுத்த மிஷினுக்கு ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும். கல்யாண மண்டப முகாமில், ஃபேன் சத்தத்துக்கு நடுவே செல்போன் ஆப்பில் ‘டெஸ்ட்’ செய்து விற்பவரிடம் வாங்கினால் அந்த ஐந்து வருடமும் மேஜை டிராயரில்தான் கிடக்கும். முதலில் இஎன்டி டாக்டர் காதில் குறும்பி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஒலி புகாத அறையில் கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம், பேச்சுப் புரிதல் சோதனை. துப்பாக்கி, பீரங்கிச் சத்தத்தால் வரும் இழப்பு 4000 ஹெர்ட்ஸ், அதாவது கீச்சென்ற உயர்ந்த சத்தங்கள் பக்கம்தான் முதலில் விழும். எல்லாச் சத்தத்தையும் ஒரேயடியாகக் கூட்டும் மலிவு மிஷின் இரைச்சலைத்தான் பெருக்கும், பேச்சு புரியாது. ஆடியோகிராமை வைத்து புரோகிராம் செய்து தருகிறார்களா, பில்லில் சீரியல் நம்பர் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பாலிகிளினிக்கைக் கேட்காமல் வாங்கிவிட்டு பில் போட்டால் பணம் வரும் என்று நம்ப வேண்டாம்.

பல்லுக்கு ஒன்றே ஒன்று: வேர் சிகிச்சை என்றால் முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே உங்கள் கைக்கு வர வேண்டும். அழகுக்காகச் செய்வது திட்டத்தில் வராது.

பணம் ஏற்கெனவே போயிருந்தால் ரெஃபரல், ரசீது, டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்டிக்கர் நகல்களோடு பாலிகிளினிக் ஓஐசிக்கு (பொறுப்பு அதிகாரி) எழுத்தில் கொடுத்து, பிரதியில் சீல் வாங்குங்கள். நகரவில்லை என்றால் அதே பிரதியோடு இசிஹெச்எஸ் ரீஜனல் சென்டருக்கு எழுதுங்கள். ரசீது இல்லையென்றால், பணம் கொடுத்த தேதி, நேரம், கேட்டவர் எந்தக் கவுன்டரில் இருந்தார் என்பதையாவது மறக்கும் முன் குறித்து மனுவில் சேருங்கள்.