பழைய லென்ஸ், போலி மெமரி கார்டு: 6,900 ரூபாய்க்கு நான் ஏமாந்த கதை

பழைய லென்ஸ் வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் உங்கள் கேமராவைக் கையோடு எடுத்துப்போங்கள். நான் எடுத்துப்போகவில்லை. மழை வருகிற மாதிரி இருந்தது, பை நனையுமே என்று வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். மீதிக் கதை அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

என்னிடம் இருப்பது நிக்கான் டி3400. கூட வந்த 18-55 கிட் லென்ஸ்தான் நாலு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. பகலில் அதைக் குறை சொல்ல முடியாது. சாயங்காலம் வீட்டுக்குள், டியூப்லைட் வெளிச்சத்தில்தான் சிக்கல். 55-இல் லென்ஸின் துளை எஃப்/5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் சிறிதாக ஆக, துளை பெரிதாகும்). வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓவை ஏற்றினால் முகமெல்லாம் ரவையைக் கொட்டிய மாதிரி ஆகிவிடும். எஃப்/1.8 லென்ஸ் என்றால் அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். அதனால்தான் கையில் காசு குறைவாக இருக்கிற எல்லோரும் 50 எம்எம் எஃப்/1.8 பக்கம் போகிறோம்.

அவசரத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. அண்ணன் மகளுக்குக் காதுகுத்து, செஞ்சிப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலில். "ஸ்டூடியோவுக்கு எதுக்குடா பதினஞ்சாயிரம்? அதான் நீ இருக்கியே" என்று அண்ணன் சொல்லிவிட்டான். அண்ணி மட்டும், "எதுக்கும் ஒரு ஆளைச் சொல்லி வைக்கலாங்க" என்றார். அன்றைக்கு அது எனக்குக் கொஞ்சம் ரோஷமாக இருந்தது. இப்போது இல்லை.

கடை சென்னையில். பெயரும் தெருவும் போடப்போவதில்லை; கையில் பில் இல்லாதவனுக்கு அந்தத் தெம்பு கிடையாது. கடைக்காரர் ஐம்பது வயதுக்காரர், நல்ல பேச்சு. 50 எம்எம் எஃப்/1.8டி லென்ஸை எடுத்தார், அலமாரியிலிருந்த ஒரு நிக்கான் டி7000 பாடியில் (லென்ஸ் இல்லாத கேமரா) மாட்டினார், வாசலில் நின்ற பைக்கைக் காட்டிப் பட்டனை அழுத்தினார். சர்ர்க் என்று சத்தத்தோடு ஃபோகஸ் பிடித்தது.

"பாத்தீங்களா தம்பி?"

"என்னுது டி3400 அண்ணே. அதுலயும் வேலை செய்யுமா?"

"நிக்கான் லென்ஸ் நிக்கான்ல வேலை செய்யாம வேற எதுல தம்பி செய்யும்?"

இந்தப் பதிலைப் பல நாள் யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவர் பொய்கூடச் சொல்லவில்லை. மாட்டலாம், படம் எடுக்கலாம். நான் கேட்டிருக்க வேண்டியது ஆட்டோஃபோகஸ் ஆகுமா என்று.

லென்ஸ் 6,200. "உங்களுக்காக" 128 ஜிபி கார்டு 700-க்கு. பில் கேட்டேன். "பில் போட்டா 18 பர்சன்ட் சேரும் தம்பி, வேணுமா?" என்றார். வேண்டாம் என்றேன். எஸ்டிமேட் என்று தலைப்புப் போட்ட துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார். யுபிஐயில் பணம் அனுப்பியபோது கடைப் பெயர் வரவில்லை, வேறு யாரோ ஒருவர் பெயர் வந்தது. மச்சினன் கணக்கு என்றார். அதற்கும் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து மாட்டியதும் வ்யூஃபைண்டரில் எஃப்-ஈ-ஈ என்று மினுக்கியது. ஷட்டர் விழவில்லை. லென்ஸ் செத்துவிட்டது என்றே நினைத்தேன். அது செத்திருக்கவில்லை, டி வகை லென்ஸில் (எஃப் எண்ணுக்குப் பின்னால் டி என்று போட்டிருக்கும்) அப்பர்ச்சருக்கு, அதாவது வெளிச்சம் வரும் துளைக்கு என்று கையால் திருகும் வளையம் இருக்கும், அதை 22-க்குத் திருப்பிப் பூட்ட வேண்டும். பூட்டினேன், படம் விழுந்தது. ஃபோகஸ் மட்டும் அசையவே இல்லை.

டி வகை லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. பின்பக்கம் மாட்டும் இடத்தில் திருப்புளிக்கு ஏற்ற பிளவோடு ஒரு சின்னத் திருகு தெரியும். கேமரா பாடிக்குள் இருக்கும் மோட்டார்தான் அதைப் பிடித்துச் சுற்றும். டி7000, டி7100, டி7200 மாதிரி பாடிகளில் அந்த மோட்டார் உண்டு. டி3000, டி5000 வரிசைகளில் கிடையாது. ஆரம்பக்காரர்களில் பல பேர் வைத்திருப்பது இந்த இரண்டு வரிசையைத்தான். நமக்கு வேண்டியது ஏஎஃப்-எஸ் என்று எழுதியிருக்கும் லென்ஸ். மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கும். நிக்கான் இசட் வரிசைக்கு மாறியவர்களுக்கும் இதே கதைதான். பழைய லென்ஸை அந்தக் கேமராக்களில் மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டரில் மோட்டார் இல்லை, டி லென்ஸ் அதில் கையால்தான் ஃபோகஸ் ஆகும். கேனான்காரர்கள் சிரித்துக்கொள்ளலாம், சாதாரண ஈஎஃப் லென்ஸ்களில் இந்த வம்பு இல்லை. 'எல்லா நிக்கானுக்கும் பொருந்தும்' என்று விளம்பரத்தில் எழுதுகிறவர் யாராக இருந்தாலும், டியா ஏஎஃப்-எஸ்ஸா என்று முதலில் கேளுங்கள்.

திருப்பிக் கொடுக்கப் போயிருக்கலாம். அதற்குள் நானே என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்: கையால் ஃபோகஸ் செய்தால் வ்யூஃபைண்டரின் கீழ் ஓரத்தில் ஒரு பச்சைப்புள்ளி எரிகிறது, அதை வைத்து ஓட்டிவிடலாம். பூந்தொட்டியை வைத்துப் பழகினேன். பூந்தொட்டி நகராது. ஒரு வயதுப் பிள்ளை நகரும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று எஃப்/1.8-இல் எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் ஆறு சென்டிமீட்டர்தான். பிள்ளை தலையை ஆட்டினால் காது தெளிவாக, கண் மங்கலாக விழும். காதுகுத்துக்குக் காது தெளிவாக விழுந்தால் போதாதா என்று அண்ணனே பின்னால் கிண்டல் செய்தான்.

நடுவில் ஒரு ராத்திரி கரண்ட் போனது. செல்போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு மேசையைத் தடவியபோது லென்ஸ் கையில் கிடைத்தது. சும்மா அப்பர்ச்சர் வளையத்தை 1.8-க்குத் திருப்பி, பின்பக்கமிருந்து டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்த்தேன். உள் கண்ணாடியில் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்லிய வெள்ளை நூல்கள், பழைய வீட்டு மூலையில் ஒட்டடை மாதிரி. ஃபங்கஸ், அதாவது பூஞ்சை. கடை டியூப்லைட்டில் இதே லென்ஸ் பளிங்கு மாதிரி இருந்தது.

சர்வீஸ் செய்யும் ஒருவரிடம் காட்டினேன். "கழட்டித் துடைச்சுத் தரலாம் சார். ஆனா கோட்டிங்க அரிச்ச தடம் போகாது. வருஷக்கணக்கா மூடின பையிலயே கெடந்திருக்கு" என்றார். சாதாரண வெளிச்சத்தில் படத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். விளக்கையோ சூரியனையோ பார்த்து எடுத்தால்தான் படம் முழுக்க வெள்ளைப் புகை படிகிறது. உள்ளே நாலு தூசி இருந்தால் கவலைப்படாதீர்கள், அது எல்லா லென்ஸிலும் இருக்கும். நூல் மாதிரி கிளை விட்டிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். வளையம் இல்லாத ஜி வகை லென்ஸ் என்றால் பின்பக்கம் இருக்கும் சின்ன நெம்புகோலை விரலால் மெல்லத் தள்ளினால் துளையை மூடியிருக்கும் இதழ்கள் திறக்கும். விட்டதும் சட்டென்று மூட வேண்டும். மெதுவாக மூடினாலோ, இதழில் எண்ணெய் மின்னினாலோ அதுவும் வேண்டாம்.

இதுவரை போனது காசு. கார்டு விஷயம் வேறு.

காதுகுத்துக்கு முந்தின வாரம் வாடகைக்கு ஒரு 70-300 லென்ஸ் எடுத்துக்கொண்டு வேடந்தாங்கல் போயிருந்தேன். புதுக் கார்டில் 480 படம், எல்லாம் ரா, அதாவது கேமரா பதிந்ததை அப்படியே வைக்கும் பெரிய கோப்பு. சங்குவளை நாரையும் நத்தைகுத்தி நாரையுமாக. கணினிக்கு மாற்றச் சோம்பல், 128 ஜிபி இருக்கிறதே என்ற திமிர், அப்படியே விட்டுவிட்டேன். கோயிலில் 640 படம். ஒவ்வொன்றும் எடுத்ததும் திரையில் வந்தது, தெளிவாக வந்தது. கேமரா எந்த எச்சரிக்கையும் காட்டவில்லை.

மறுநாள் கணினியில் போட்டேன். நாரைகள் 480-உம் சுத்தமாக இருக்கின்றன. கோயிலில் முதல் 220 இருக்கின்றன: வேன் நிற்கிறது, பாய் இறக்குகிறார்கள், பொங்கல் பானைக்கு மஞ்சள் கட்டுகிறார்கள், பெரியப்பா யாரையோ திட்டுகிறார். மொட்டையடிக்க உட்கார்ந்த இடத்திலிருந்து எதுவும் இல்லை. கோப்பின் பெயர் இருக்கிறது, 20 எம்பிக்கு மேல் அளவும் காட்டுகிறது, திறந்தால் வெறும் சாம்பல். தாய்மாமன் மடியில் உட்காரவைத்து ஆசாரி காதைப் பிடித்தாரே, அந்த இடத்தில் மட்டும் நாற்பது படம் எடுத்திருந்தேன். நாற்பதும் சாம்பல்.

அது 128 ஜிபி கார்டே இல்லை, 16 ஜிபி. கார்டுக்குள் கணக்குப் பார்க்கும் சின்னச் சில்லை மாற்றி எழுதி, யார் கேட்டாலும் 128 என்று சொல்லும்படி செய்திருக்கிறார்கள். மேலே ஒரு பெரிய கம்பெனியின் ஸ்டிக்கர். கேமராவும் கணினியும் அது சொல்வதை நம்பும். 16 நிரம்பியபின் வருகிற படங்களை வாங்கிக்கொண்டே இருக்கும், எழுதாது. சில போலிக் கார்டுகள் பழைய படங்களின் மேலேயே புதியதை எழுதுமாம். அப்படிப்பட்டது வந்திருந்தால் எனக்கு நாரைகள் போய் மொட்டை மிஞ்சியிருக்கும். எடுத்த மறுநொடி திரையில் வரும் படம் கேமராவின் சொந்த நினைவிலிருந்து வருவது, கார்டிலிருந்து அல்ல. அதனால்தான் அங்கே ஒன்றும் தெரியவில்லை.

ஃபோட்டோரெக் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, அழிந்த படங்களை மீட்க நல்ல சாமான். ஓட்டிப் பார்த்தேன், அதே 700 படம்தான் வந்தது. ஒரு ரெகவரி கடையில் கார்டைப் பார்க்காமலேயே, "எடுத்துடலாம் சார், பாதி அட்வான்ஸ் குடுங்க" என்றார்கள். இங்கேயும் கவனம். அழித்த படம் திரும்ப வரலாம். எழுதவே எழுதாத படம் எங்கிருந்து வரும்?

கடைக்குப் போனேன். லென்ஸைப் பற்றி, "மாட்டிப் பாத்துதானே வாங்குனீங்க" என்றார். கார்டைப் பற்றி, "யூஸ் பண்ணின கார்டு, எங்க கடையுதுன்னு எப்படித் தெரியும்?" என்றார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன். மரியாதையாகத்தான் பேசினார்கள், முதல் கேள்வியே பில் நம்பர். பில் இருந்திருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நான் குடியிருக்கும் ஊரிலேயே மனுப் போட்டிருக்கலாம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கு இடமுண்டு. ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. என்னிடம் இருந்தது எஸ்டிமேட் சீட்டும் மச்சினன் கணக்கும்.

அன்றிலிருந்து எந்தக் கார்டு வாங்கினாலும், பில்லோடு பெரிய கடையில் வாங்கினாலும்கூட, முதல் ராத்திரி சோதனைதான். விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3, இரண்டும் இலவச மென்பொருள்கள். காலிக் கார்டை முழுக்க நிரப்பி, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும். 128 ஜிபிக்குச் சில மணிநேரம் ஆகும், போட்டுவிட்டுத் தூங்கலாம். என் 700 ரூபாய்க் கார்டை அதில் போட்டபோது ஏறக்குறைய 15 ஜிபி சரி, மீதி நூறு ஜிபிக்கு மேல் தொலைந்தது என்று சிவப்பில் வந்தது. ஒரு விஷயம், நல்ல 128 கார்டும் விண்டோஸில் 119 என்றுதான் காட்டும். அது கணக்குப் போடும் முறை, அதற்காகக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு 16 டிபி எஸ்எஸ்டி என்று விளம்பரம் வருகிறதே, அதன் டப்பாவை உடைத்தால் உள்ளே பசை போட்டு ஒட்டிய மெமரி கார்டு இருக்கும். பக்கத்திலேயே போகாதீர்கள்.

படங்கள் இப்போது இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன, ஒன்று என்னிடம், ஒன்று அண்ணன் வீட்டுப் பீரோவில். இரண்டிலும் ஏறியபிறகுதான் கார்டை ஃபார்மட் செய்கிறேன். கூகுள் ஃபோட்டோஸை மட்டும் நம்பலாமே என்பவர்களுக்கு: 2021 ஜூன் 1-க்குப் பிறகு ஏற்றுவது எல்லாம் கூகுள் தரும் இலவச 15 ஜிபிக்குள் அடங்க வேண்டும். என் ரா கோப்பில் அது 700 படம். என் போலிக் கார்டின் கொள்ளளவும் அதேதான். தவிர, போனில் இடம் வேண்டும் என்று அந்த ஆப்பில் படத்தை அழித்தால் கூகுளில் ஏற்றியதும் அழிந்துவிடும்.

காதுகுத்து ஆல்பம் எப்படியோ போட்டோம். சொந்தக்காரர்கள் செல்போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியதைத் திரட்டினேன். பாதி சுருங்கிப்போய் வந்தது. அதற்கப்புறம்தான் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, டாகுமென்ட்டாக அனுப்புங்கள் என்று பாடம் நடத்தினேன். மடியில் உட்கார்ந்த படத்தை எடுத்தது அண்ணியின் சித்தி. ஓரத்தில் அவர் விரல் விழுந்திருக்கிறது. அதைத்தான் பெரிதாக்கி ஹாலில் மாட்டியிருக்கிறார்கள்.

அந்த 50 எம்எம்மை, ஃபங்கஸ் இருக்கிறது, இன்ன இடத்தில் இருக்கிறது என்று டார்ச் அடித்துக் காட்டி, 1,500-க்கு ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். அவர் டி7100-ஐக் கையோடு கொண்டுவந்திருந்தார். மாட்டியதும் சர்ர்க் என்று ஃபோகஸ் பிடித்தது. எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.