தமிழ்99-ஆ, ஒலிப்பு முறையா: இரண்டிலும் பழகிய பிறகு

பதினோரு ஆண்டுகள் ஒலிப்பு முறையில் தட்டச்சு செய்தேன். இப்போது நான்கு ஆண்டுகளாகத் தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பு. மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும்தான் என் வேலை. ஒரு நாளில் ஆறேழு மணி நேரம் விசைப்பலகை முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். கணினியில் தமிழ் எழுதத் தொடங்குகிறவர்கள் எந்த முறையைப் பழகலாம் என்று கேட்டால் தமிழ்99 என்றுதான் சொல்வேன். அதற்கான காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒலிப்பு முறை எல்லோருக்கும் தெரியும். ஆங்கில எழுத்தைத் தட்டினால் தமிழ் வரும். அதற்குள்ளேயே இரண்டு வகை உண்டு. ஒன்று, விதி மாறாத வகை. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருளிலிருந்து வந்த அஞ்சல் அமைப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சின்ன ‘என்’ தட்டினால் ன, பெரிய ‘என்’ தட்டினால் ண, ‘டபிள்யூ’ தட்டினால் ந. இந்த விதி எப்போதும் மாறாது. இன்னொன்று, பரிந்துரைக்கும் வகை. தோன்றிய எழுத்துக்கூட்டலில் தட்டலாம். கருவி தன் சொற்பட்டியலைப் பார்த்து நான்கைந்து சொற்களை நீட்டும், நாம் ஒன்றைத் தொட வேண்டும். இன்று கைப்பேசியில் பெரும்பாலானோர் ஒலிப்பு முறை என்று சொல்வது இந்த இரண்டாவது வகையைத்தான்.

தமிழ்99 வேறு வழியில் பிறந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்99 மாநாடு நடந்தது. அங்கே கணித்தமிழ் வல்லுநர்கள் கூடி விவாதித்ததன் விளைவாக, அந்த ஆண்டே தமிழக அரசு இதைத் தரமான விசைப்பலகையாக ஏற்றுக்கொண்டது. அப்போது மு. கருணாநிதி முதல்வர். அமைப்பு எளிமையானது. பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஒரு புள்ளி, மொத்தம் முப்பத்தொரு விசைகள். உயிர்கள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். அ, இ, உ, எ நான்கும் நடு வரிசையில் இருக்கும், அவற்றுக்கு நேர் மேலே அவற்றின் நெடில்கள். அதிகம் புழங்கும் க, ப, ம, த, ந, ய ஆறும் வலக்கையின் நடு வரிசை. ஆய்தத்துக்கும் கிரந்த எழுத்துகளுக்கும் மட்டும்தான் ஷிஃப்ட் தேவை.

எளிதில் முடிகிற விஷயங்களை முதலில் முடித்துவிடுவோம். விலையில் வேறுபாடு இல்லை, இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன. கற்கும் நேரத்தில் ஒலிப்பு முறைதான் வெல்லும். ஆங்கிலத் தட்டச்சு தெரிந்தவர் ஐந்து நிமிடத்தில் தொடங்கிவிடலாம். தமிழ்99 எனக்கு மூன்று வாரம் மூச்சு முட்டியது. பழைய வேகத்தைத் தொட ஆறு வாரம் ஆனது. இடையில் இரண்டு முறை அவசர வேலை வந்தபோது பழைய முறைக்கே ஓடியிருக்கிறேன். இதை மறைப்பதில் பயனில்லை.

விசைக் கணக்கு? வணக்கம் என்பதற்குத் தமிழ்99-இல் ஆறு தட்டு, அஞ்சலில் எட்டு. பள்ளிக்கு நான்கு, அங்கே ஐந்து. எண்ணங்கள் என்ற சொல்லுக்கு ஏழு. அஞ்சலில் எட்டோ ஒன்பதோ ஆகும், அதில் ண இரண்டுக்கும் ள ஒன்றுக்கும் ஷிஃப்ட் வேறு. இந்த மிச்சத்துக்குக் காரணம், புள்ளியைப் பல இடங்களில் தமிழ்99 தானே வைத்துக்கொள்கிறது. ஒரே மெய்யை இரு முறை தட்டினால் முதலாவதன் மேல் புள்ளி விழும்: அ, ம, ம, ஆ என்று தட்டினால் அம்மா. ங க, ஞ ச, ண ட, ந த, ம ப, ன ற என்று இன எழுத்துகள் சேர்ந்து வந்தாலும் அப்படித்தான். மெல்லினத்துக்குப் பின் அதன் வல்லினம் வருவது பள்ளிக்கூடத்தில் படித்த இலக்கணம். அது இங்கே விசையாகவே உட்கார்ந்திருப்பதைப் பார்த்த முதல் நாள் எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. ‘ததும்பும்’ போன்ற சொல்லில் புள்ளி வேண்டாமென்றால் முதல் த-வுக்குப் பின் அ தட்டினால் போதும்.

ஆனால் வேகத்துக்காக யாரும் மாற வேண்டாம். அஞ்சலில் என்னைவிட வேகமாகத் தட்டுகிற நண்பர்கள் இருக்கிறார்கள். என்னை மாற்றியது வேறு ஒன்று: பழகிய பழக்கத்தைக் கட்டிக் காப்பாற்ற ஆகிற செலவு.

நான் பதினோரு ஆண்டுகள் பயன்படுத்தியது பரிந்துரைக்கும் வகைக் கருவி, ஒரு பெரிய நிறுவனத்துடையது. என் விரல் எப்படித் தட்டினாலும் நான் நினைத்த சொல்லை நீட்டுகிற அளவுக்கு அது என்னைத் தெரிந்துவைத்திருந்தது. வட்டாரச் சொற்கள், நாவல்களில் வரும் ஊர்ப் பெயர்கள், ஆள் பெயர்கள் என்று ஆயிரக்கணக்கில் அதற்கு ஊட்டியிருந்தேன். புது மடிக்கணினி வாங்கி, அதை நிறுவலாமென்று தேடினால் தரவிறக்கப் பக்கமே இல்லை. எடுத்துவிட்டார்கள். பழைய கணினியின் வன்தட்டு பழுதாகியிருந்ததால் நான் ஊட்டிய சொற்களும் போயின. கையில் பாதி முடித்த மொழிபெயர்ப்பு, கெடுவுக்குப் பன்னிரண்டு நாள்.

சரி, வேறு ஒலிப்புக் கருவி போட்டுக்கொள்ளலாம் என்று போட்டேன். அப்போதுதான் புரிந்தது, ஒலிப்பு முறை என்று ஒரே ஒரு முறை கிடையாது. ழ-வுக்கு ஒன்றில் ‘இசட்’, இன்னொன்றில் ‘இசட் எச்’. ஒன்றில் ந-வுக்குத் தனி விசை உண்டு, இன்னொன்றில் அது சொல்லின் முதலில் தானாக வரும், நடுவில் வேண்டுமென்றால் பட்டியலில் தேட வேண்டும். நெடிலுக்கு ஒன்று இரட்டை எழுத்து கேட்கும், இன்னொன்று பெரிய எழுத்து கேட்கும். பதினோரு ஆண்டு நான் பழகியது தமிழ்த் தட்டச்சு என்று நினைத்திருந்தேன். உண்மையில் ஒரு நிறுவனத்தின் ஒரு கருவியைத்தான் பழகியிருந்தேன். அந்தப் பன்னிரண்டு நாளும் ந-வுக்கும் ன-வுக்கும் நடுவில் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

நிறுவனங்கள் தங்கள் கருவிகளை நிறுத்துவது அவர்கள் கணக்குப்படி நியாயமாக இருக்கலாம். இலவசமாகக் கொடுத்தார்கள், நிறுத்தினார்கள். ஆனால் இழப்பு முழுக்க நம்முடையது. அவர்கள் நிறுத்துவது ஒரு மென்பொருளை. நாம் இழப்பது ஆண்டுக்கணக்கில் விரலில் ஏறிய பழக்கத்தை. தமிழ்99-இல் எனக்கு இந்தப் பயம் இல்லை. அது ஒரு பொதுத் தரம், எவருடைய சரக்கும் அல்ல. விண்டோஸ் அமைப்புகளில் இன்று அது உள்ளேயே இருக்கிறது. ஆப்பிள் கணினியில் இருக்கிறது. 2013-இல் ஐஓஎஸ் 7 வந்ததிலிருந்து ஐபோனிலும் தமிழ்99, அஞ்சல் இரண்டும் உண்டு. லினக்ஸில் உண்டு. இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்ற கருவிகளிலும் உண்டு. கடந்த நான்கு ஆண்டுகளில் மூன்று கணினி மாறிவிட்டேன், ஒரு நாள்கூட வேலை நிற்கவில்லை. மேற்கோள் குறி, அடைப்புக்குறி போன்றவை மட்டும் கருவிக்குக் கருவி கொஞ்சம் இடம் மாறும், அரை நாளில் பழகிவிடும். இங்கே அஞ்சலுக்கும் நியாயம் செய்ய வேண்டும். விதி மாறாத முறை என்பதால் இந்த நிலைத்தன்மை அதற்கும் பெருமளவு உண்டு. என் குறை முழுவதும் பரிந்துரைக்கும் வகையின் மேல்தான்.

அப்படியானால் அஞ்சலோடு நின்றிருக்கலாமே என்று கேட்கலாம். நின்று பார்த்தேன், ஐந்து மாதம். அங்கே இன்னொரு சிக்கல் தெரிந்தது, அது மொழியைப் பற்றியது.

அக்கா மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். ஆண்டு விழாவுக்காக என் கணினியில் ஒலிப்பு முறையில் ஒரு கட்டுரை தட்டினாள். “எங்கள் பல்லியின் ஆண்டு விழா” என்று தொடங்கியிருந்தது. “சித்தி, நான் சரியாத்தானே அடிச்சேன்?” என்று கேட்டாள். ஆங்கிலத்தில் அவள் அந்தச் சொல்லை எழுதும்போது ல-வுக்கும் ள-வுக்கும் ஒரே ‘எல்’தான். அவள் கை அதைத்தான் தட்டியது. நோட்டில் பேனாவால் எழுதச் சொன்னேன், தயங்காமல் பள்ளி என்று எழுதினாள். எழுத்து அவளுக்குத் தெரியும். இடையில் ஆங்கிலம் வந்து நின்றதால் கைக்கு எட்டவில்லை. என் மெய்ப்பு மேசைக்கு வரும் படிகளிலும் இதையே பார்க்கிறேன். பேனாவில் எழுதியவர்களிடம் சந்திப்பிழை வரும், ஒற்று விடுபடும். ஒலிப்பு முறையில் தட்டியவர்களிடம் ன-ண, ல-ள, ர-ற மாறாட்டம் அதிகம். இது என் மேசையில் கண்டது மட்டுமே, கணக்கெடுத்துச் சொல்லவில்லை.

ஆங்கில எழுத்தில் தமிழ் ஒலியைப் பிடிக்க முடியாது என்பதற்கு அரசாங்கமே ஒரு பாடம் வைத்திருக்கிறது. 2020-இல் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றித் தமிழக அரசு ஆணை வெளியிட்டது. நோக்கம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் வேலூருக்கு இரண்டு ‘ஈ’யும் இரண்டு ‘ஓ’வும் போட்டிருந்தார்கள். ஆங்கிலம் படித்தவர் அதை வீலூர் என்றுதான் வாசிப்பார். எதிர்ப்பு வந்து, சில நாளிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. வல்லுநர் குழு உட்கார்ந்து செய்ததே இப்படி ஆனது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒவ்வொரு சொல்லுக்கும் தன் தலைக்குள் இதே வேலையைச் செய்துகொண்டிருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். தமிழ்99-இல் ள வேண்டுமென்றால் ள-வைத் தொட வேண்டும், அவ்வளவுதான். எந்த எழுத்து என்ற முடிவு எழுதுகிறவரிடமே இருக்கிறது.

இதில் எனக்கு வருத்தமும் உண்டு. தரத்தை அறிவித்த அரசு அதைக் கைகளில் சேர்க்கவில்லை. 2011 முதல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கப்பட்டது. என் உறவில் நான்கு பிள்ளைகள் வாங்கினார்கள், ஒருவருக்கும் தமிழ்99 தெரியாது. பல லட்சம் தமிழர்கள் கணினி வாங்குகிற ஊரில், கடையில் அடுக்கியிருக்கிற விசைப்பலகைகளில் தமிழ் எழுத்து பொறித்த ஒன்றைத் தேடி நான் அலைந்திருக்கிறேன். கடைசியில் எழுத்து ஸ்டிக்கர் வாங்கித்தான் ஒட்டினேன்.

கைப்பேசிக்கு வருவோம். இங்கே என் பரிந்துரை அவ்வளவு உறுதியாக இல்லை. தமிழ்99-இன் அழகே பத்து விரலுக்கானது. மெய் ஒரு கையில், உயிர் மறு கையில் என்று மாறி மாறி வரும். கட்டைவிரல் இரண்டால் சின்னத் திரையில் தட்டும்போது அந்தப் பயன் பாதி போய்விடுகிறது, விசைகளும் நெருக்கமாக இருக்கின்றன. செல்லினம் என்ற விசைப்பலகைச் செயலியில் தமிழ்99 வைத்திருக்கிறேன். ஆனாலும் “வந்துட்டு இருக்கேன்” என்று இரண்டு சொல் அனுப்ப அதே செயலியின் அஞ்சலுக்குப் பல நேரம் மாறிவிடுகிறேன். ஐபோனில் நான் நீண்ட நாள் எழுதியதில்லை. அங்கே அனுபவம் உள்ளவர்கள் சொல்வதைக் கேளுங்கள். எந்த முறையானாலும் ஆண்ட்ராய்டில் புது விசைப்பலகைச் செயலி போடும்போது, நீங்கள் தட்டும் கடவுச்சொல் உட்பட எல்லாவற்றையும் அது சேகரிக்கக்கூடும் என்று ஓர் எச்சரிக்கை வரும். அதை ஒரு முறை நின்று படித்துவிட்டு, யார் செய்த செயலி என்று பார்த்து நிறுவுங்கள்.

பழைய தட்டச்சுப்பொறி முறையில் லோயர், ஹையர் தேர்வுகளை முடித்தவர்கள் மாற வேண்டியதில்லை. அவர்களுடையதும் மனப்பாடமான விரல்தான், அந்த அமைப்புக்கும் கருவிகள் இருக்கின்றன. மாதத்துக்கு நான்கு வரி தமிழில் எழுதுகிறவருக்கும் ஆறு வாரப் பயிற்சி வீண் சுமை. தினமும் ஒரு பக்கமாவது தமிழில் எழுதுகிறவர், அதிலும் எழுதத் தொடங்கும் பிள்ளைகள், இவர்களுக்குத்தான் தமிழ்99-ஐ வலியுறுத்திச் சொல்கிறேன்.

பழகுகிறவர்கள் நடு வரிசையிலிருந்து தொடங்குங்கள். அம்மா, அப்பா, தம்பி, பந்து, கத்தி என்று நடு வரிசையிலும் அதை ஒட்டியும் வருகிற சொற்களையே முதல் வாரம் தட்டலாம். கீழே பார்க்காமல் இருக்க, விசைப் படத்தை அச்சிட்டுத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். கொஞ்சம் மறக்கிறது என்று ஒலிப்பு முறைக்குத் திரும்பத் திரும்பப் போனால் நாள் நீளும், அது நான் செய்த தவறு. அக்கா மகளுக்கு இந்தக் கோடை விடுமுறையில் தினமும் இருபது நிமிடம் சொல்லிக்கொடுத்தேன். மூன்றாவது வாரம் படத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டாள். ஔ எங்கே இருக்கிறது என்பது மட்டும்தான் இன்னும் அவளுக்கு மறந்துபோகிறது. கீழ் வரிசையில், இடது ஓரத்தில்.