சீ ஹாக் மாடல் கிட்: எல்லாம் சரி, கொக்கியை ஏன் மடக்கி வைத்தார்கள்?

1971 இந்திய-பாகிஸ்தான் போரில் ஐ.என்.எஸ். விக்ராந்த் என்ற விமானம் தாங்கிக் கப்பலிலிருந்து பறந்த சீ ஹாக் விமானத்தின் 1:72 அளவு பிளாஸ்டிக் கிட் இது. ஒட்டி முடித்தால் சுமார் 17 செ.மீ. நீளம் வரும். நான் வாங்கியதற்கு ஒரே காரணம், டெக்கால் தாளில் (தண்ணீரில் ஊறவைத்து மாடலில் ஒட்டும் படங்கள்) இந்தியக் கடற்படையின் 300ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவின் சின்னமான வெள்ளைப் புலி இருந்ததுதான். அந்தப் போரில் அந்த ஸ்குவாட்ரனை நடத்தியவர் லெப்டினன்ட் கமாண்டர் சந்தோஷ் குமார் குப்தா, போர்க்கால வீரத்துக்கான இரண்டாவது உயரிய விருதான மகாவீர் சக்ரா பெற்றவர். அவரை விட்டுவிட்டு இந்த விமானத்தைப் பற்றிப் பேச எனக்கு வராது.

பாகங்கள் கச்சிதமாகப் பொருந்துகின்றன. பட்டி போட வேண்டிய இடம் அதிகமில்லை, உப்புத்தாள் லேசாகத் தேய்த்தால் போதும். சீ ஹாக்கில் இருப்பது ஒரே என்ஜின், ஆனால் அதன் புகைபோக்கி இரண்டாகப் பிரிந்து இறக்கைகளுக்குப் பின்னால் இரு பக்கமும் வெளியே வரும், அதனால் பின்பக்க உடலில் எரிபொருளுக்கு இடம் மிஞ்சும். இதை அழகாக வார்த்திருக்கிறார்கள். மூக்குக்கு அடியில் நான்கு 20 மி.மீ. பீரங்கித் துளைகளும் சரியான இடத்தில் இருக்கின்றன. கோவா போக்மாலோவில் உள்ள கடற்படை விமான அருங்காட்சியகத்தில் நிற்கும் அசல் விமானத்தின் படங்களை வைத்துக்கொண்டுதான் ஒப்பிட்டேன். மூக்குக்குள் எடை வைக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் வால் தரையில் உட்கார்ந்துவிடும்.

இப்போது என் வருத்தம். கப்பலில் இறங்கும்போது விமானத்தைப் பிடித்து நிறுத்த உதவும், வாலுக்கு அடியில் இருக்கும் கொக்கியை உடலோடு சேர்த்தே வார்த்துவிட்டார்கள், இறக்கிவைத்த நிலையில் செய்ய வழியே இல்லை. சின்ன விஷயம்தானே என்று சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை.

டிசம்பர் 4ஆம் தேதி காலை, அப்போதைய கிழக்கு பாகிஸ்தானின் காக்ஸ் பஜாரில் தொடங்கி சிட்டகாங், குல்னா, மோங்லா என்று சீ ஹாக்குகள் அடித்துக்கொண்டே இருந்தன. குப்தா மட்டும் 11 தாக்குதல்களுக்குத் தலைமை தாங்கிப் போனார். கீழே இருந்து சுட்டதில் இரண்டு முறையாவது அவருடைய விமானம் அடிபட்டது. அப்போதும் தாக்குதலை விடவில்லை, கூட வந்தவர்களையும் பத்திரமாக அழைத்துக்கொண்டு திரும்பினார். திரும்புவது என்றால் எங்கே? கடலில் நகர்ந்துகொண்டிருக்கும் ஒரு கப்பலுக்கு! தளத்தின் குறுக்கே இழுத்துக் கட்டியிருக்கும் கம்பிகளில் ஒன்றை அந்தக் கொக்கி பிடித்தாக வேண்டும், தவறினால் மறுபடி மேலே ஏறி இன்னொரு சுற்று, அதுவும் குண்டடிபட்ட ஒற்றை என்ஜின் விமானத்தில். போதாததற்கு விக்ராந்தின் கொதிகலன் ஒன்றில் விரிசல், கப்பல் முழு வேகத்தில் ஓட முடியாத நிலை. கப்பல் மெதுவாகப் போனால் எதிர்க்காற்று குறையும், விமானம் அந்த அளவுக்கு வேகமாகத் தளத்தில் வந்து மோதும். குண்டு போடும் துணிச்சலைவிட இந்தத் திரும்பிவரும் துணிச்சல்தான் என்னை அசர வைக்கிறது. அதனால்தான் சக்கரமும் கொக்கியும் இறங்கிய நிலையில், தளத்தைத் தொடப்போகும் விமானமாக இதை வைக்க ஆசைப்பட்டேன்.

கையேடும் ஏமாற்றம்தான். வரலாறு என்று நாலு வரி, அதில் நீளமும் எடையும் வேகமும் இருக்கின்றன, ஓட்டியவர் ஒருவர் பெயர்கூட இல்லை. அந்தப் போரில் இரண்டு மகாவீர் சக்ராக்களும் பன்னிரண்டு வீர் சக்ராக்களும் பெற்ற கப்பல் அது. கப்பலை நடத்திய கேப்டன் ஸ்வராஜ் பிரகாஷுக்கு ஒரு மகாவீர் சக்ரா, குப்தாவுக்கு ஒன்று என்று அந்த இரண்டு பெயர்களையாவது போட்டிருக்கலாம், ஒரு வரி போதுமே. வெள்ளைப் புலியை அச்சடிக்கத் தெரிந்தவர்களுக்கு அந்தப் புலிகளின் தலைவர் பெயர் தெரியாமலா போயிருக்கும்?

டெக்கால் ரொம்ப மெல்லிசு, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து நிதானமாக நகர்த்துங்கள், அவசரப்பட்டால் புலியின் வால் கிழியும்.

மொத்தத்தில் 5க்கு 3.5. முன்னால் ஒன்றிரண்டு கிட் ஒட்டியவர்கள் தைரியமாக வாங்கலாம். உடலோடு வார்த்திருந்த கொக்கியைச் செதுக்கி எடுத்துவிட்டு, மெல்லிய செப்புக் கம்பியை வளைத்து ஒட்டினேன். கம்பியின் நுனியைச் சுத்தியலால் லேசாகத் தட்டிச் சப்பையாக்கிக்கொண்டால் அசல்போலவே வருகிறது.